தம்பி பார்க்காத காமிரா

என் நாத்தனார் கலோலைனேயைப் பற்றி நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்தால் எங்கள் ஹௌமா ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் ஓடிப்போய் அவளிடமே சொல்லிவிடுவார்கள். நேரில் நான் அவளை ‘அண்ணி’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் பேசுவேன். எழுதும்போது மட்டும் ‘அவள்’. இத்தனை வருஷம் அவளுக்குக் கீழே குப்பை கொட்டியதற்கு இந்த ஒரு சுதந்திரமாவது எனக்கு வேண்டாமா?

கலோலைனே எங்கள் சபைப் பள்ளி விடுதியின் சமையற்கூடத்தில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். அண்டா அண்டாவாக மரவள்ளி அவித்து, நூற்றுக்கணக்கான பையன்களின் வயிற்றை நிரப்பியவள். தட்டில் மிச்சம் வைக்கிற பையனைப் பெயர் சொல்லி எழுப்பி, அவன் தின்று முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து எதிரே நிற்பாள். அந்தப் பையன்களில் ஒருவர் இன்று போலீஸ் அதிகாரி, இன்னொருவர் போதகர். தெருவில் அவளைக் கண்டால் இருவருமே வாயில் மெல்லுவதை விழுங்கிவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறார்கள். அவளுடைய கணவர் உலுகாலா சர்க்கரை நோயில் கால் போய், பிறகு ஆளும் போய்விட்டார். ஒரே மகள் லூசேயானே ஆக்லாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இவளும் ஒரு தாய்ப்பன்றியும் அதன் குட்டிகளும்தான்.

எங்கள் டோங்காத் தீவுகளில் ஒரு குடும்பத்துக்கு அத்தைதான் ராணி. என் மகள் கல்யாணத்தில் கேக்கின் மேல் அடுக்கு அத்தைக்கு, இருப்பதிலேயே நல்ல பாய் அத்தைக்கு, நடுநாயகமான இருக்கை அத்தைக்கு. பெற்றவளான எனக்குப் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை. நான் குறை சொல்லவில்லை. என் அண்ணன் மகன் கல்யாணத்தில் நானும் அதே மாதிரி உட்கார்ந்து கேக்கை வாங்கிக்கொண்டு வந்தவள்தான். ஆனாலும் வாங்கும்போது வருகிற சுகம் கொடுக்கும்போது வருவதில்லை.

என் வீட்டுக்காரர் லோபெட்டி அவளுக்குத் தம்பி. கூடப்பிறந்த அக்கா தம்பிக்குள் இருக்கிற மரியாதையை இந்த இருவரும் கடைப்பிடிப்பதைப் பார்த்தால் போதகருக்கே கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். அக்கா படுக்கிற அறைக்குள் அவர் கால் வைக்க மாட்டார். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரே படத்தைப் பார்க்கக் கூடாது என்று, அவள் வீட்டில் டிவி ஓடினால் இவர் வாசலோடு திரும்பிவிடுவார். சந்தையில் கலோலைனே சொல்கிற பச்சைப் பச்சையான வேடிக்கைகளுக்கு மீன் விற்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தம்பி தூரத்தில் வருகிறார் என்றால் அந்த வாய் அப்படியே மூடிக்கொள்ளும். அவளும் சிரிக்க மாட்டாள், இவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். தரையைப் பார்த்தபடி, “நல்லா இருக்கீங்களா அக்கா?” என்பார். “இருக்கேன்” என்பாள் அவள். அவ்வளவுதான் பேச்சு.

காமிரா விஷயம் ஆரம்பித்தது ஒரு திருட்டில். பாட்டுப் பயிற்சிக்காகக் கலோலைனே கோயிலுக்குப் போயிருந்த சமயம் எவனோ பின்கதவைத் தள்ளி உள்ளே வந்து, கேஸ் சிலிண்டரையும் பெரிய அலுமினியப் பானையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுப்பின் மேல் அவித்து வைத்திருந்த சேப்பங்கிழங்கைத் தரையில் கொட்டிவிட்டுப் பானையை எடுத்திருக்கிறான். அவளுக்குச் சிலிண்டர் போனதைவிடக் கிழங்கைக் கொட்டியதுதான் தாங்கவில்லை.

“பசிச்சுத் திருடினா மன்னிக்கலாம். சோத்தைக் கொட்டிட்டுத் திருடுறவனை எப்படி மன்னிக்கிறது?” என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

செய்தி ஆக்லாந்துக்குப் போனது. லூசேயானே வீடியோவில் கூப்பிட்டாள். நானும் லோபெட்டியும் அப்போது அங்கேதான் இருந்தோம். நான் உள்ளே, அவர் வாசற்படியில்.

“அம்மா, ஒண்ணு காமிரா போடு. இல்ல, பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு. தனியா கிடந்து உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாருக்குத் தெரியும்?”

“அங்க வந்து நான் என்ன பண்றது? உன் வீட்டுப் பின்னாடி பன்றி வளர்க்க விடுவாங்களா?”

“விட மாட்டாங்க.”

“அப்புறம் அது என்ன ஊரு!”

“அப்ப காமிரா போடு. போடலேன்னா அடுத்த மாசமே நான் வந்து கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்.”

கலோலைனே வாயடைத்து நின்றதை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். அந்த வீடு அவளும் உலுகாலாவும் கல் கல்லாகக் கட்டியது. அவர் அடக்கமானது கோயில் பக்கத்து மயானத்தில், நடந்தே போய்ப் பூ வைக்கிற தூரத்தில். அதை விட்டுவிட்டு ஆக்லாந்து மாடிவீட்டில் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்காருவது அவளுக்குச் சாவுதான். எனக்கே பாவமாக இருந்தது. எனக்கு அவள்மேல் பாவம் தோன்றுவது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

லோபெட்டிக்குத் தொழிலே மின்சார வேலைதான். தலைநகரில் சீனர்களின் கடைகளுக்கு, கோயில் மண்டபத்துக்கு, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களின் பெரிய வீடுகளுக்கு எல்லாம் காமிரா போட்டது அவர்தான். லூசேயானே எட்டு காமிராவும் ஒரு பதிவுப் பெட்டியும் அடங்கிய பெரிய செட் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தாள். அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எட்டா? அது பேங்குக்கு. வயர் இழுத்தா உப்புக் காத்துல மூட்டெல்லாம் ஒரு மழைக்காலம் தாங்காது. கரண்டு போச்சுன்னா எட்டும் குருடு. பேட்டரி வெச்ச காமிரா ரெண்டு போதும். தலையில சின்னதா ஒரு சோலார் தட்டு இருக்கும். படம் அதுக்குள்ளயே கார்டுல பதிஞ்சிடும், மாசாமாசம் எவனுக்கும் கப்பம் கட்ட வேண்டாம். ஆள் நடமாட்டம் தெரிஞ்சா போனுக்குச் செய்தி வரும். முன்வாசலுக்கு ஒண்ணு, பின்முற்றத்துக்கு ஒண்ணு.”

“பின்னாடி எதுக்கு மாமா?” என்றாள் லூசேயானே.

“திருடன் முன்வாசல்ல வந்து பேரைச் சொல்லிட்டா உள்ள வரப்போறான்?”

பெட்டி ஆக்லாந்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது. பொருத்துகிற நாள் காலையில் கலோலைனே தன் நிபந்தனைகளைச் சொன்னாள். தம்பியிடம் நேராகச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். அவர் ஏணியின்மேல் நாலடி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“பிசிலா, அவன்கிட்ட சொல்லு. வீட்டுக்குள்ள ஒண்ணும் வேண்டாம். குளிக்கிற கொட்டகைக் கதவு தெரியக் கூடாது. ரோடும் தெரியக் கூடாது, போறவன் வர்றவனை எண்ணுற வேலை எனக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுல ஆம்பளைங்க காவா வேர்ச் சாறு குடிச்சுக் கிறங்குற இடமும் தெரியக் கூடாது. அவனுங்க பாடுற லட்சணத்தைக் கேக்குறதே போதும், பார்க்க வேற வேணுமா?”

“கேட்டுச்சா?” என்றேன் மேலே பார்த்து.

“அக்கா சொன்னபடியே செய்யுறேன்னு சொல்லு” என்றார் அவர்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ரொம்ப உயரத்தில் வைத்தால் தொப்பிதான் தெரியும், முகம் தெரியாது என்று கூரை விளிம்புக்குக் கீழே கைக்கு எட்டாத அளவில் வைத்தார். சாயங்கால வெயில் கண்ணைக் கூசாத பக்கமாகத் திருப்பினார். பின்முற்றத்தில் பன்றிப் பட்டி, புறச் சமையலறை, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற பாதை, இவ்வளவும் வந்தது. கொட்டகைக் கதவு ஒரு சாண் தள்ளி வெளியே போய்விட்டது. அக்காவின் கதவைப் படத்திலிருந்து தள்ளுவதற்காக அவர் ஏணியில் எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிறகு வந்தது சங்கடம். காமிராவை நெட்டோடு இணைக்கக் கடவுச்சொல் வேண்டும். அது ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கிறது. ரௌட்டர் இருப்பது கலோலைனேயின் கட்டிலுக்குப் பின்னால், மூலையில். அவர் அந்த அறை இருக்கிற பக்கம்கூடத் திரும்ப மாட்டார். கடைசியில் நான்தான் கண்ணாடியும் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனேன். என் உடம்புக்கு அது ஊர்கிற வேலையா?

“ஏழு! பெரிய கே! இல்ல, எச்சோ என்னவோ!” என்று உள்ளிருந்து கத்தினேன்.

“ஒழுங்கா பாருடி” என்றாள் கலோலைனே, கட்டிலின்மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு. “ஊர்ல எந்த வீட்டுல யார் சண்டைன்னு இருட்டுலயும் உனக்குத் தெரியும். எதிர்ல இருக்கிற எழுத்து தெரியலையா?”

எல்லாம் இணைந்ததும் அவர் செய்து பார்க்க வேண்டியவற்றைச் செய்து பார்த்தார். என்னை முற்றத்தில் நடக்கச் சொன்னார். போனில் ‘பின்முற்றத்தில் நபர்’ என்று வந்தது. தாய்ப்பன்றி நடந்தது. அதற்கும் ‘பின்முற்றத்தில் நபர்’ என்றே வந்தது. பிறகு காமிரா வழியாகப் பேசிப் பார்த்தார். கூரையிலிருந்து தம்பியின் குரல் வந்ததும் கலோலைனே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். “இது பேசவும் பேசுமா? பேசாம இருக்கச் சொல்லு” என்றாள்.

அடுத்த கேள்வி, செய்தி யார் போனுக்கு வர வேண்டும் என்பது. லூசேயானே போனில் வரும். ஆனால் வேலை நேரம் முழுக்க அவள் போன் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஊரில் ஒருவர் போனிலும் வந்தே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நான்தான் இருக்கிறேனே என்று என் போனை எடுத்து நீட்டினேன்.

“இவ போன்லயா? நான் காலைல பல் விளக்கலேன்னா மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்” என்றாள் கலோலைனே. “லோபெட்டி போன்ல போடு.”

நான் திகைத்துப் போனேன். “அண்ணி, அவரு உங்க தம்பி!”

“அதனாலதான் சொல்றேன். அவன் பார்க்க மாட்டான்.”

வாசலிலிருந்து குரல் வந்தது. “பார்க்க மாட்டேன் அக்கா.”

ஆக்லாந்தில் லூசேயானே தலையில் அடித்துக்கொண்டாள். “பார்க்காத ஆளுக்கு எதுக்கும்மா காமிரா?”

“அவன் பார்க்க மாட்டான்னு திருடனுக்குத் தெரியுமா?” என்றாள் கலோலைனே.

அப்படியே முடிவாயிற்று.

லோபெட்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போன் முணுமுணுக்கும். எழுத்தை மட்டும் படிப்பார், படத்தைத் திறக்க மாட்டார். ஏதாவது சந்தேகம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வேலி வரை போய், ஹாரன் அடித்து, “எல்லாம் சரியா அக்கா?” என்று கேட்டுவிட்டு வருவார். “இதுக்குக் காமிரா எதுக்கு? வேலியில ஒரு மணியைக் கட்டியிருக்கலாமே” என்று நான் கேலி செய்வேன்.

ஆனால் மெல்ல மெல்ல ஒன்றை நான் கவனித்தேன். வெறும் எழுத்தை வைத்தே அவர் அக்காவின் நாளைக் கூடவே இருந்து பார்க்கிறவர் மாதிரி ஆகிவிட்டார். காலையில் போன் முணுமுணுத்தால், “பன்றிக்குத் தேங்காய் உடைச்சுப் போடுறாங்க” என்பார். கொஞ்சம் கழித்து, “துணி காயப்போடுறாங்க.” சாயங்காலம் பின்முற்றத்தில் செய்தி வந்தால், “குளிக்கப் போறாங்க” என்று சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு முன்வாசல் செய்தி வரும். குளித்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து தலை சீவுகிறாள் என்று அர்த்தம். அது வந்த பிறகுதான் அவர் போனை நிமிர்த்துவார். வீட்டுக்குள் குளியலறை இருந்தும் தொட்டியடிக் கொட்டகையில் குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது எயுவா தீவில் என் பெரியப்பா இறந்துபோனார். நானும் லோபெட்டியும் படகேறிப் போனோம். மனைவி வீட்டுச் சாவு என்றால் மருமகனுக்கு இடம் அடுப்படிதான். பன்றி வெட்டுவது, கிழங்கு உரிப்பது, மண்ணடுப்பு மூட்டுவது என்று அவர் கரியும் புகையுமாக நின்றார். கலோலைனே வரவில்லை. பன்றி புதிதாகக் குட்டி போட்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். அடக்கம் முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். லோபெட்டியின் சட்டைப்பையில் போன் முணுமுணுத்தது. எடுத்துப் பார்த்து, “குளிக்கப் போறாங்க” என்று கவிழ்த்துப் பக்கத்தில் இருந்த கல்லின்மேல் வைத்தார். திரும்ப முணுமுணுத்தது. அவர் தொடவில்லை. இன்னொரு தடவை. இன்னும் இரண்டு மூன்று தடவை.

“யோவ், என்னன்னு பாருய்யா” என்றேன்.

“பன்றி பட்டியை விட்டு வெளிய வந்திருக்கும். அதையும் நபர்னுதான் காட்டுது.”

பிறகு போன் அடங்கிவிட்டது. நானும் மறந்துவிட்டேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்து நான் பானைகளைக் கழுவக் குவித்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் போன். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“முன்வாசல் செய்தி இன்னும் வரல பிசிலா.”

“சீப்பு கிடைச்சிருக்காது.”

“தினம் வரும். ஒருநாள் தவறினதில்ல.”

கூப்பிட்டுப் பார்த்தோம். மணி அடித்து அடித்து நின்றது. லூசேயானே வேலையில் இருந்தாள், எடுக்கவில்லை. ஊரில் யாரைக் கூப்பிடுவது? தலைநகரில் ரக்பி இறுதிப்போட்டி. ஆண் பெண் குஞ்சு குளுவான் எல்லாம் லாரி பிடித்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டு வீகாவின் போன் அணைந்திருந்தது. போட்டிக்குப் போகாத ஆள் அவள் மாமனார் ஒருவர்தான்.

“அவரைக் கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லு” என்றேன்.

“குளிக்கிற இடத்துக்கு ஒரு ஆம்பளையை அனுப்பச் சொல்றியா? அங்க ஒண்ணும் இல்லேன்னா அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“அப்ப படத்தைத் திற!”

“மாட்டேன்.”

“என்கிட்ட கொடு.”

“உனக்குக் காட்டக் கூடாதுன்னுதானே அவங்க என் போன்ல போடச் சொன்னாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. சாவு வீடு என்றும் பார்க்காமல் கத்தினேன். “அவ செத்துக் கிடந்தாலும் நீ தரையைப் பார்த்துக்கிட்டே நிப்பியா? இதுவா மரியாதை? இந்த மரியாதையைக் கொண்டுபோய்க் கடல்ல போடு!”

அவர் மெல்லப் போனில் காமிராப் படம் வருகிற இடத்தைத் திறந்தார். படம் வருவதற்குள் தன் பெரிய உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டார். முகத்தையும் திருப்பிக்கொண்டார்.

“பேசுற பொத்தான் கீழ இருக்கு. என் விரலைக் கொண்டுபோய் வை. நீயும் பார்க்காதே.”

நான் அவர் விரலைப் பிடித்துப் பொத்தானின்மேல் வைத்தேன். அவர் குரலைச் செருமிக்கொண்டு, கோயிலில் வேதம் வாசிக்கிறவர் மாதிரிப் பேசினார்.

“அக்கா. லோபெட்டி பேசுறேன். நல்லா இருக்கீங்களா?”

காற்றுச் சத்தம். பன்றிக்குட்டிகளின் கீச்சு. அவர் திரும்பவும் கூப்பிட்டார். அப்போது ரொம்ப அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது. அது கலோலைனேயின் குரல் என்று எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. அதில் அதட்டல் இல்லை.

“லோபெட்டியா?”

“நான்தான் அக்கா.”

“வழுக்கி விழுந்துட்டேன்டா. இடுப்பு போச்சு. நகர முடியல.”

“உடனே ஆள் அனுப்புறேன் அக்கா. பயப்படாதீங்க. நான் பார்க்கல. கையால மூடியிருக்கேன்.”

நான் போன் பக்கம் காதைச் சாய்த்தேன். பிறகு சொன்னாள்.

“பாரு.”

“அக்கா…”

“பாருடா. அந்தக் காமிராவைப் பார்த்துக் கையாட்டிக் கையாட்டிக் கத்திக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் பார்க்கலையேன்னு இருந்துச்சு. அப்புறம்தான் நெனப்பு வந்தது, பார்க்காதேன்னு நான்தானே சொன்னேன்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “அக்கா சொல்றேன் லோபெட்டி. பாரு.”

அவர் கையை எடுத்தார்.

தொட்டிக்குப் போகிற பாதையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் இருக்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. தோளில் மண். முகம் மட்டும் நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரையே அதட்டுகிற அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

லோபெட்டி அழவில்லை. வேலையில் இறங்கியவர் மாதிரி ஆகிவிட்டார். “இடது காலா அக்கா? ரத்தம் எதுவும் தெரியல. எழுந்திருக்கப் பார்க்காதீங்க. தலை அடிபட்டுச்சா?” என்று கேட்டுக்கொண்டே, என்னை வீகாவின் மாமனாரைக் கூப்பிடச் சொன்னார். “நாளைக்கு ஞாயிறு, கோயில் வீட்டுக்குப் போதகரம்மா இந்நேரம் திரும்பியிருப்பாங்க, அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும், போர்வை எடுத்துக்கிட்டுப் போகட்டும்” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வந்து சேரும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் கண் சொருகும்போதெல்லாம், “அக்கா, பன்றி எத்தனை குட்டி போட்டுச்சு? பெருசு எது?” என்று கேட்டுக் கேட்டு எழுப்பினார். பிறந்ததிலிருந்து அந்த இருவரும் அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்கள். போதகரம்மா போர்வையோடு வேலிக்குள் நுழைந்ததைப் பார்த்த பிறகுதான் போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு அழுதார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. லூசேயானே விமானம் பிடித்து வந்தாள். மருத்துவமனைக் கட்டிலருகில் உட்கார்ந்து, “போதும்மா. உடம்பு தேறினதும் கிளம்பு. காமிரா வெச்சும் கிடந்தியே!” என்றாள்.

“வர மாட்டேன்.”

“திரும்ப விழுந்தா யாரு பார்ப்பா?”

கலோலைனே கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். வெளியே நடையில், அறைக்குள் வராமல், லோபெட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அவன் பார்ப்பான். நான் சொல்லிட்டேன்.”

லூசேயானே எழுந்து நடைக்குப் போனாள். “மாமா, நிஜமா பார்ப்பீங்களா? சத்தியமா?” என்று கேட்டது உள்ளே எங்களுக்குக் கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தவள் அதற்குப் பிறகு ஆக்லாந்துப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அவள் கோல் ஊன்றி நடக்கிறாள். குளியல் வீட்டுக்குள்தான். அதற்கு நானும் போதகரம்மாவும் பட்ட பாடு தனிக் கதை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் தலை சீவி, நல்ல உடுப்பு போட்டு, மரியாதைக்கு எங்கள் ஊரில் கட்டுகிற பாயை இடுப்பில் கட்டி, பின்முற்றத்தில் காமிராவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவாள். கோயிலுக்குப் போகிற மாதிரி. இங்கே எங்கள் வீட்டில் லோபெட்டி வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு, அவரும் இடுப்பில் பாயைக் கட்டிக்கொண்டு, மேஜையில் போனை நிறுத்திவைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார். ராஜாவைப் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு பதவிசாக உட்கார மாட்டான். பேச்சு அதிகம் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையசைப்பாள், இவர் மூடிவிடுவார். எனக்கு இன்னமும் காட்டுவதில்லை. நான் அடுப்படியில் இருந்தபடி, “எப்படி இருக்காங்க?” என்று கேட்பேன். “நல்லா இருக்காங்க” என்பார்.

போன வாரம் ஒருநாள் நான் கேட்கும் முன்பே அவர் அடுப்படிக்கு வந்து நின்றார். வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“பன்றிக்குட்டி ஒண்ணு அவங்க கோலைக் கவ்வி இழுத்துக்கிட்டு ஓடிச்சு. காமிராவை மறந்துட்டு அக்கா சிரிச்சாங்க.” சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். “சிரிச்சா அப்படியே எங்க அம்மா மாதிரி இருக்காங்க பிசிலா. உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.